கந்தன் மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் கந்தன்

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதற்கான விதிகள் 2008-ல் வந்தன. அந்த விதிகளில் 13-ஆவதைப் படித்தால் நிரல் எழுதுகிறவர்களுக்குக் கை பரபரக்கும். காட்டை நம்பி வாழ்கிறவர் தன் உரிமைக்கு என்னென்ன ஆதாரம் காட்டலாம் என்று அது சொல்கிறது. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, பழைய சர்வே ஆவணம், கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையில் வம்சாவளியும் ஒன்று. பழைய ஆவணத்தில் பெயர் இருக்கிற ஒருவர் வரைக்கும் தன் பரம்பரையைக் கோடு பிடித்துக் காட்டினால் அது சான்று.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பியும் மலைவாழையும் மிளகும் விளைகிற தோட்டங்கள், காப்புக் காடு, பளியர் குடியிருப்புகள், பல தலைமுறை கண்ட மலைக் கிராமங்கள் என்று எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும் பழனி மலைப் பகுதி அது. இப்படிப்பட்ட இடத்தில் வம்சாவளியைச் சொல்லச் சொன்னால் யாரும் தயங்க மாட்டார்கள். மூன்று பெரியவர்களை உட்கார வைத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகுதான் சிக்கல். இருநூறு பெயர்கள், முந்நூறு நானூறு கோடுகள், மூன்று பேர் சொன்ன மூன்று விதமான சேதிகள். இதில் எங்கேனும் நடக்கவே முடியாத ஒன்று எழுதப்பட்டிருக்கிறதா? அதிகாரி கண்டுபிடித்துக் கோப்பைத் திருப்பி அனுப்பும் முன் நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் முதலில் கிடைக்கும் வழி நமக்கு உதவாது.

கணினி அறிவியலில் ‘மரம்’ என்றால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போக ஒரே ஒரு பாதைதான் இருக்க வேண்டும். கோடுகள் சேர்ந்து எங்காவது வளையம் ஆகிவிட்டால் அது மரம் அல்ல. வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சின்ன நிரல் போதும். இரண்டாம் ஆண்டு மாணவர் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். குடும்ப மரமும் மரம்தானே என்று அதை அப்படியே வம்சாவளியின் மேல் ஓட்டினால், தமிழ்நாட்டில் கால்வாசிக் குடும்பங்கள் செல்லாதவை ஆகிவிடும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கந்தனுக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தவள் வள்ளி, இளையவன் பெரியசாமி. வள்ளியின் மகள் செல்வி. அக்காள் மகளைக் கட்டிக்கொள்வது மாமனின் உரிமை என்பதால் பெரியசாமி செல்வியை மணக்கிறான். அவர்களுக்கு முருகன் பிறக்கிறான். இப்போது கோடு போடுங்கள். கந்தனிலிருந்து பெரியசாமி, பெரியசாமியிலிருந்து முருகன், முருகனிலிருந்து அவன் அம்மா செல்வி, செல்வியிலிருந்து அவள் அம்மா வள்ளி, வள்ளியிலிருந்து மறுபடி கந்தன். ஐந்து பேர் கொண்ட வளையம். நிரல் சிவப்பு விளக்கு போடும். முருகனுக்கு வள்ளி அத்தையும் ஆவாள், பாட்டியும் ஆவாள் என்பதில் நம்மூரில் யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் நிரலுக்கு மட்டும்தான்.

இது எங்கோ ஒன்றிரண்டு நடக்கிற விஷயமும் அல்ல. 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடந்தவை; நாடு முழுவதும் பார்த்தால் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மாமன்–அக்காள் மகள் உறவைத் தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியலில் வைத்தாலும், வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சட்டமே விதிவிலக்கு தரும் இடத்தில் நிரல் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்பானேன்?

மரபியல் படித்தவர்களோ இந்த வளையத்தைத்தான் தேடுவார்கள். 1922-ல் சிவல் ரைட் சொன்ன முறையில், குழந்தையை விட்டுவிட்டு வளையத்தில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். பெரியசாமி, கந்தன், வள்ளி, செல்வி: நான்கு பேர். நான்கு பாதிகளைப் பெருக்கினால் பதினாறில் ஒன்று. கந்தனின் மனைவி வழியாகவும் இதே போல் ஒரு வளையம் உண்டு, அதுவும் பதினாறில் ஒன்று. கூட்டினால் எட்டில் ஒன்று. முருகனின் ஒரு மரபணுவை எடுத்தால், அப்பா வழியில் வந்ததும் அம்மா வழியில் வந்ததும் ஒரே முன்னோரின் ஒரே நகலாக இருக்கும் வாய்ப்பு அது. அத்தை மகள், மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. பாடப்புத்தக நிரல் பிழை என்று தூக்கிப்போடும் இடத்தில்தான் மருத்துவர் கேட்கிற தகவல் இருக்கிறது.

அந்த நிரல் எங்கே தவறுகிறது? கோட்டுக்குத் திசை உண்டு என்பதை அது மறந்துவிடுகிறது. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கோடு காலத்தோடு சேர்ந்து கீழ்நோக்கி மட்டுமே ஓடும். முருகனின் வளையத்தில் ஐந்தில் மூன்று கோடுகளைத் திசைக்கு எதிராக ஏறித்தான் சுற்றி வந்தோம். கீழ்நோக்கி மட்டும் நடந்தால் கந்தனிடம் யாராலும் திரும்பி வர முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கிக்கொண்டே போய் ஒருவர் தன்னையே சந்திக்க முடிகிறதா? முடிந்தால், அவர் தனக்கே மூதாதை. அதை எந்த ஊர் வழக்கமும் அனுமதிக்காது.

இதைக் கண்டுபிடிக்க 1962-ல் ஆர்தர் கான் வெளியிட்ட ஒரு அல்காரிதம் போதும். பெரிய திட்டங்களில் எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை என்று வரிசைப்படுத்துவதற்காக எழுதப்பட்டது அது. நம் வசதிக்கு அதைக் கல்யாணப் பந்தியாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விதி: அப்பா அம்மா இருவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பிள்ளைக்கு இலை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு எண், அவருடைய பெற்றோரில் இன்னும் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று. நோட்டில் பெற்றோர் பெயரே இல்லாத மூத்தவர்களுக்கு எண் பூஜ்யம்; அவர்களை முதலில் உட்கார வைக்கிறோம். ஒருவர் எழுந்ததும் அவர் பிள்ளைகளின் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறோம். யாருடைய எண் பூஜ்யமானாலும் அவர் அடுத்து உட்காரலாம். கந்தனும் அவர் மனைவியும் எழுந்ததும் வள்ளிக்கும் பெரியசாமிக்கும் இலை. வள்ளியும் அவள் கணவரும் எழுந்ததும் செல்விக்கு. முருகனுக்கு எண் இரண்டு. பெரியசாமி எழுந்தபோது ஒன்றாகி, செல்வி எழுந்தபோது பூஜ்யமாகிறது. அவனும் சாப்பிட்டாயிற்று. பந்தி முடிந்தது, யாரும் மீதம் இல்லை, வம்சாவளியில் சுழல் இல்லை.

சுழல் இருந்தால் பந்தி ஓரிடத்தில் நின்றுவிடும். இலை போட ஆளில்லை, வெளியே கூட்டம் மட்டும் நிற்கும். ஒருவருக்கொருவர் ‘நீ முதலில்’ என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குகிற இடம். மீந்து நிற்கிற எல்லோரும் சுழலில் இருப்பவர்கள் அல்லர். சுழலுக்குக் கீழே பிறந்ததால் மட்டும் மாட்டிக்கொண்டவர்களே பெரும்பாலும் அதிகம். நாற்பது பேர் மீந்தால் நாற்பது பேர் வீட்டுக்கும் போய் விசாரிக்கத் தேவையில்லை. மீந்தவரில் யாராவது ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய பெற்றோரில் ஒருவராவது மீந்திருப்பார், இல்லையென்றால் இவர் மீந்திருக்க மாட்டார். அந்தப் பெற்றோருக்குப் போங்கள், அங்கிருந்து அவருடைய பெற்றோருக்கு. ஏறிக்கொண்டே போனால் ஏற்கெனவே பார்த்த ஒருவரை மறுபடி பார்ப்பீர்கள். அந்த இரண்டு சந்திப்புக்கும் நடுவே வந்தவர்கள்தான் சுழல். இரண்டு மூன்று பெயர்களில் விஷயம் முடிந்துவிடும்.

நம் ஊரில் அந்த இரண்டு மூன்று பெயர்கள் என்னவாக இருக்கும் என்று ஓட்டிப் பார்க்காமலே ஊகிக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். கந்தன் மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் கந்தன். நோட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றுகிறவர் ‘கந்தன்’ என்று தட்டியதும், ஏற்கெனவே இருக்கும் கந்தன் கீழே எட்டிப் பார்ப்பார். அவரையே தேர்ந்தெடுத்துவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆள். கந்தன் பெரியசாமிக்கு அப்பா, பெரியசாமி கந்தனுக்கு அப்பா. இனிஷியல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்போம். ஆனால் தாத்தாவின் அப்பா பெயரும் பெரியசாமியாக இருந்துவிட்டால் இருவருமே பெ. கந்தன்தான். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாத, பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிற சமூகத்தில் இந்தப் பிழை கட்டாயம் வரும். நல்ல வேளை, கான் அல்காரிதம் தவறாமல் பிடிக்கும் பிழையும் இதுதான்.

பிறந்த ஆண்டைச் சேர்த்து எழுதினால் இரண்டு கந்தனும் பிரிந்துவிடுவார்களே என்று கேட்கலாம். பெரியவர்கள் ஆண்டை எப்படிச் சொல்வார்கள் என்பதைப் பொறுத்தது அது. ‘தாது வருஷம் பிறந்தவர்’ என்று சொன்னால்? தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதுதான். பிறகு முதலிலிருந்து ஆரம்பம். தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது 1876-ல். அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே அறுபது வருட இடைவெளி என்பது மிகச் சாதாரணம். ஆக, ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேர், ஆனால் வேறு வேறு ஆட்கள் என்பது நடக்கக்கூடியதே. ஆகவே நிரல் வருஷப் பெயரைத் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1876, 1936, 1996 என்று மூன்று வாய்ப்புகளாக எழுதி வைக்க வேண்டும். அவருடைய பிள்ளை 1960-ல் பிறந்ததற்குப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது என்றால் 1996 உடனே விழுந்துவிடும். 1876 என்றால் தகப்பனுக்கு எண்பத்து நான்கு வயது. நிற்பது 1936.

தேதியே கிடைக்காத இடங்களில் என்ன செய்வது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேலை நாட்டு வம்சாவளி மென்பொருள்கள் அப்பா, அம்மா, பிள்ளை என்ற மூன்று சொல்லில் உலகத்தை முடித்துவிடுகின்றன. அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-ல் கொண்டுவந்த கெட்காம் என்ற கோப்பு வடிவம்தான் இன்றும் பொது வழக்கு. அதில் ஒரு குடும்பம் என்றால் கணவர், மனைவி, பிள்ளைகள். சகோதரன் என்றால் சகோதரன், அவ்வளவே. நாம் அப்படிப் பேசுவதே இல்லை. அண்ணன் அல்லது தம்பி. அக்கா அல்லது தங்கை. ‘பெரியசாமிக்கு வள்ளி அக்கா’ என்று யாராவது சொன்னாலே, தேதி இல்லாமல், யார் முன்னால் பிறந்தவர் என்ற தகவல் வந்துவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, கொழுந்தன் எல்லாவற்றிலும் வயது ஒளிந்திருக்கிறது. பிறப்புப் பதிவேடு இல்லாத மலைக் குடியிருப்பில் அதைவிட என்ன வேண்டும்?

இவற்றை வருட வித்தியாசங்களாக எழுதலாம். ஒரு சிக்கலை அருகில் போய்ப் பார்ப்போம். பெயர்கள் இங்கேயும் கற்பனை. ஒரு பெரியவர் சொல்கிறார்: மாரியம்மாள் சின்னானுக்குத் தங்கை. இன்னொருவர்: பொன்னி மாரியம்மாளின் மகள். மூன்றாவதாக ஒரு பாட்டி: பொன்னி சடங்கானபோது சின்னான் இடுப்பில் இருந்த பிள்ளை. மூன்றையும் தனித்தனியே பாருங்கள், எதிலும் குறை இல்லை. எந்த இரண்டைச் சேர்த்தாலும் முரண்பாடு இல்லை. மூன்றையும் சேர்த்தால்தான் இடிக்கிறது. தங்கை என்பதால் மாரியம்மாள் பிறந்தது சின்னானுக்குப் பிறகு. தாய் என்பதால் பொன்னி பிறந்தது மாரியம்மாளுக்குக் குறைந்தது 13 ஆண்டு கழித்து. சடங்காகும்போது பொன்னிக்குக் குறைந்தது 10 வயது, இடுப்புப் பிள்ளைக்கு அதிகபட்சம் 3 என்று வைத்தால், சின்னான் பிறந்தது பொன்னிக்குக் குறைந்தது 7 ஆண்டு கழித்து. சின்னானில் தொடங்கி மாரியம்மாள், பொன்னி என்று சுற்றி மறுபடி சின்னானுக்கே வந்தால், சின்னான் தனக்கே குறைந்தது 20 வயது இளையவன் என்று ஆகிறது.

இப்படிச் சுற்றி வந்து கூட்டுத்தொகை இடிக்கும் வட்டங்களைத் தேட 1950-களில் லெஸ்டர் ஃபோர்டும் ரிச்சர்ட் பெல்மனும் தனித்தனியே உருவாக்கிய வழிமுறை இருக்கிறது. சாலை வரைபடத்தில் குறுகிய பாதை தேடப் பயன்படுவது. இங்கே ஊர்களுக்குப் பதில் ஆட்கள், கிலோமீட்டருக்குப் பதில் வருடங்கள். இரண்டாயிரம் பேர், ஆறாயிரம் உறவுகள் என்றாலும் மிஞ்சிப்போனால் ஒன்றேகால் கோடி கூட்டல் கழித்தல். சாதாரணக் கைப்பேசிக்கே அது கண் சிமிட்டும் வேலை. முரண்பாடே இல்லை என்றால் ஒவ்வொருவரும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள் பிறந்திருக்க முடியும் என்பதையும் அதே கணக்கில் எடுத்துவிடலாம்.

மாரியம்மாள் கதையில் எது தவறு? நிரலுக்குத் தெரியாது. மூன்று வாக்கியங்களைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும். மனிதர்களுக்கு ஊகிக்க முடியும்: மாரியம்மாள் தங்கை அல்ல, அக்கா. மூத்த மகளும் கடைசி மகனும் இருபது வருட இடைவெளியில் பிறந்த வீடுகள் ஏராளம். அங்கே மருமகளைவிட மாமன் இளையவனாக இருப்பதும், அக்காள் பிள்ளை இடுப்பில் மாமன் வளர்வதும் நடந்ததுதான். திருத்திப் போட்டால் மூன்றும் பொருந்துகின்றன.

உறவுச் சொல்லை நம்பும்போது ஒரு எச்சரிக்கை. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி, ஆகவே அப்பாவுக்கு இளையவர். ஆனால் சித்தியின் கணவரும் சித்தப்பாதான். அங்கே வயது சொல்வது சித்தி அம்மாவுக்கு இளையவள் என்று மட்டுமே. அந்தச் சித்தப்பா நம் அப்பாவைவிட மூத்தவராக இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மாமா இன்னும் மோசம்: அம்மாவின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார் மூவருக்கும் ஒரே சொல். முறைப்பெண்ணைக் கட்டும் சமூகத்தில் மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதால் நமக்கு அந்தச் சொல் இயல்பாக இருக்கிறது. நிரலிடம் கொடுக்கும்போது எந்த மாமா என்று கேட்டு எழுதித்தான் ஆக வேண்டும்.

தலைமுறை எண்ணுவதும் இதே போல் வழுக்கும். முருகனை மறுபடி பாருங்கள். அப்பா வழியில் எண்ணினால் கந்தனுக்கு இரண்டு படி கீழே, அம்மா வழியில் எண்ணினால் மூன்று படி. அவன் எத்தனையாவது தலைமுறை? வன உரிமைச் சட்டம் எழுதியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டார்கள். பழங்குடி அல்லாத, வழிவழியாகக் காட்டில் வாழும் பிறர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தலைமுறை என்றால் 25 ஆண்டுகள் என்றும் சட்டம் விளக்கம் தருகிறது. ஆகவே படிகளை எண்ண வேண்டாம், 1930-க்குப் போனால் போதும். பளியர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு அந்த 75 ஆண்டுக் கணக்கே கிடையாது.

உலகத்தில் வேறு எங்கும் இந்தச் சுழல் வருவதில்லை என்று எண்ண வேண்டாம். 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் யானிவ் எர்லிக் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெனி என்ற வம்சாவளி நிறுவனத்தில் பொதுமக்கள் ஏற்றியிருந்த 8 கோடியே 60 லட்சம் பதிவுகளை எடுத்து, சுத்தம் செய்து, 1 கோடியே 30 லட்சம் பேர் ஒரே வலையில் இணைந்த குடும்ப வரைபடம் ஒன்றை எடுத்தார்கள். சுத்தம் செய்யும்போது ஒருவரே இன்னொருவருக்குப் பெற்றோராகவும் பிள்ளையாகவும் இருந்தது போன்ற முரண்கள் சுமார் 0.3 சதவீதப் பதிவுகளைச் சுற்றி இருந்தன. பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குடும்பங்கள் அவை. ஜான் மகன் ஜான் அங்கேயும் உண்டு.

இதுவரை பார்த்தவை இயற்கையின் விதிகள்: காலம் பின்னோக்கி ஓடாது, ஏழு வயதில் பிள்ளை பெற முடியாது. நிரல்களில் இவற்றுக்குப் பக்கத்திலேயே வேறு சில விதிகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கணவனும் மனைவியும் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும், தந்தை இறந்து ஒரு வருடத்துக்குப் பின் பிள்ளை பிறந்தால் பிழை, தந்தை என்ற கட்டத்தில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பவை. எழுதியவருக்கு இவையும் இயற்கை விதிகளாகவே தோன்றியிருக்கும். நம் மலைகளே அதைப் பொய்யாக்கியிருக்கின்றன.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02-ல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்களுடைய வம்சாவளிகளைத் திரட்டினார். 1906-ல் புத்தகம் வந்தது. அன்று அங்கே சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. அப்படியானால் குழந்தைக்குத் தந்தை யார்? கர்ப்ப காலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவர். அதற்குப் பின் பிறக்கிற பிள்ளைகளுக்கும் அவரே தந்தை, இன்னொருவர் அந்தச் சடங்கைச் செய்யும் வரை. வில் கொடுத்தவர் இறந்து பல வருடம் ஆன பின்பு பிறந்த குழந்தைக்கும் அவரே தந்தையாக இருக்க முடியும் என்று ரிவர்ஸ் குறித்திருக்கிறார். நம் மென்பொருள் அங்கே சிவப்பு விளக்கு போட்டால் தவறு மென்பொருளுடையது.

பழனி மலையிலேயே இதைவிட வியப்பான குறிப்பு ஒன்று இருக்கிறது. 1906-ல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ், இந்த மலையின் பழைய உழுகுடிகளான குன்னுவர்களைப் பற்றி எழுதும்போது சொல்வது: ஒரு வீட்டில் பெண் வாரிசு மட்டும் இருந்தால், சில சமயம் அவளை வீட்டின் நிலைக்காலுக்கு மணம் முடித்து வைப்பார்கள். தாலிக்குப் பதில் வலக்கையில் வெள்ளிக் காப்பு. அவள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். அவளுக்கு மகன் பிறந்தால் அவள் வழியாகச் சொத்து அவனுக்கு. வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரியின் குறிப்பு என்பதால் அவர் தொனியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீடும் நிலமும் சிதறாமல் இருக்க ஒரு சமூகம் கண்டுபிடித்த வழி அது, அவ்வளவுதான். நிரல் எழுதுகிறவருக்கு அது கேட்கும் கேள்வி மட்டும் இன்றும் செல்லும்: கணவர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

என் பதில், இரண்டு வகைக் கோடுகளைத் தனியாக வைக்க வேண்டும் என்பது. பெற்ற உறவு ஒன்று, வழக்கமும் சட்டமும் தந்த உறவு இன்னொன்று. சுழல் தேடுவதும் பெற்றோர் வயதுக் கணக்கு போடுவதும் முதல் வகையில் மட்டும். இரண்டாம் வகைக்கு அதனதன் விதி. உதாரணமாக, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி ஆண் ஒரு பெண் குழந்தையையோ பெண் ஒரு ஆண் குழந்தையையோ தத்தெடுத்தால் இடையே 21 வயது வித்தியாசம் வேண்டும். பெற்ற பிள்ளைக்கு அப்படி ஒரு விதி இருக்க முடியுமா? முதல் வகையில் முரண் வந்தால் பிழை. இரண்டாம் வகையில் வந்தால் கேள்வி, அவ்வளவே. காலிக் கட்டத்திலும் வகை உண்டு. தெரியாது, இல்லை, சொல்ல விருப்பமில்லை என்ற மூன்றும் வேறு வேறு. கணவர் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் விட்ட கட்டத்தைத் ‘தெரியாது’ என்று நிரப்பினால் அது பொய். தோடர்களிடம் இறந்த உறவினர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற தடை இருந்தது. ரிவர்ஸ் அதனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். ஒரே சேதியைப் பலரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிடவும் செய்தார்.

அந்த ஒப்பீட்டை எந்த அல்காரிதத்தாலும் தவிர்க்க முடியாது. இல்லாத ஒரு தாத்தாவை, பொருத்தமான வயதோடு, பொருத்தமான இடத்தில் நுழைத்துவிட்டால் கானும் பெல்மனும் கைகட்டி வழிவிடுவார்கள். முரண் இல்லை என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும். நடந்தது என்று சொல்ல முடியாது. விதி 13-ம் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது.

ஆகவே நோட்டைக் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனி எண் கொடுப்பதோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுவது நல்லது: யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. சுழல் அகப்பட்டால், அதில் உள்ள மூன்று நான்கு கோடுகளில் ஒரே ஒருவர் மட்டும் சொன்னது எது என்று அதிலிருந்து தெரியும். பலவீனமான கோடு அதுதான் என்று நிரலே அதை வெட்டிவிடக் கூடாது. மூன்று பேர் ஒரே வதந்தியைக் கேட்டிருக்கலாம், அந்த ஒருவர் பிரசவம் பார்த்தவராக இருக்கலாம். முதலில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டியலில் மேலே போட்டால் போதும்.